கஷ்ட காலத்தில் நூலகம் நிலைக்கும், நூலகர் நிலைப்பாரா?

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது: "மகள் பட்டம் முடித்துவிட்டு நூலக அறிவியல் படிக்க ஆசைப்படுகிறாள். வெளிநாட்டில் பொருளாதாரம் சரிந்தால் முதலில் நூலகத்தில்தான் கை வைக்கிறார்கள் என்று படிக்கிறோம். இங்கேயும் பகுதி நேரம், தொகுப்பூதியம் என்றுதான் வேலை கிடைக்கிறதாம். இந்தத் துறையை நம்பி அவளை விடலாமா?"

விடலாம் அம்மா. பொது நூலகத்திலும் பிறகு கல்லூரி நூலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் நூலகம் நிலைக்குமா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நூலகம் ஏதாவது ஒரு வடிவத்தில் தப்பிப் பிழைத்துவிடும். நெருக்கடி வந்தால் முதலில் அடிபடுவது அங்கே வேலை பார்க்கிறவர். அவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது, யார் கையைத் தாண்டி வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் முக்கால்வாசி புரிந்துவிடும். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆள் வராததால்தான் மூடுகிறார்கள்" என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கஷ்ட காலத்தில் நூலகத்துக்குக் கூட்டம் கூடும். 1930-களில் அமெரிக்காவில் வேலையிழந்தவர்கள் பொது நூலகங்களை நிரப்பினார்கள். அதே ஆண்டுகளில்தான் நூலகங்களின் புத்தகப் பணம் வெட்டப்பட்டது. 2008 பொருளாதாரச் சரிவிலும் மறுபடியும் அப்படியே நடந்தது. வேலைக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றாகிவிட்டதால், வீட்டில் கணினி இல்லாதவர்கள் நூலகக் கணினிக்கு வரிசையில் நின்றார்கள். பிரிட்டனில் 2013-லிருந்து வந்த புதிய அரசு உதவித்தொகைக்கு இணையம் வழியாகவே மனுப் போட வேண்டும். நூலகப் பணியாளர்கள் மின்னஞ்சல் முகவரிகூட இல்லாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவினார்கள். 2022 குளிர்காலத்தில் மின்சாரம், எரிவாயு விலை எகிறியபோது அங்கே பல ஊர்களில் நூலகங்களை "குளிருக்கு ஒதுங்கும் இடம்" என்றே அறிவித்தார்கள்.

நம் ஊரிலும் வேலை கிடைக்காத காலத்தில் கிளை நூலகம் எப்படி இருக்கும் என்று போய்ப் பாருங்கள். காலையில் கதவு திறக்கும் முன்பே தினசரி படிக்கும் பெரியவர்கள் வாசலில் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் முதுகுப்பையோடு குரூப் 2, குரூப் 4 எழுதும் பிள்ளைகள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிகள் முதலில் நிறையும். அவர்கள் தேடுவது பெரும்பாலும் 6-ஆம் வகுப்பு முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள், ஏனென்றால் கேள்விகளில் கணிசமானவை அதிலிருந்து வருகின்றன. பொது நூலகத்துக்கு வாங்கி அனுப்பும் புத்தகங்களில் பாடநூல் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் அறிந்த பல நூலகர்கள் பரீட்சை முடிந்ததும் தெரிந்த வீடுகளில் கேட்டு வாங்கி, கிழிந்த பக்கங்களை ஒட்டி, கைக்காசு போட்டு பைண்டிங் செய்து, பாடவாரியாக அடுக்கி வைப்பார்கள். எந்தப் பதிவேட்டிலும் இந்த வேலை இருக்காது. அந்த நூலகர் மாறுதலாகிப் போன அடுத்த வருடம் அந்த அடுக்கும் போய்விடும்.

சரி, கூட்டம் கூடும்போதே பணம் ஏன் குறைகிறது? இதற்கு நான் எப்போதும் குரோய்டனைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். லண்டனின் தெற்கில், ஏறக்குறைய 4 லட்சம் பேர் வாழும் பகுதி. நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத் தொழிலைக் கற்றுவர அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகர். ரங்கநாதன் நேரடியாக வேலை கற்றதும் அங்கேதான். நூலகம் பணக்காரர், படித்தவர் என்று பார்க்காமல் கடைத்தெருவில் போகிற எல்லாருக்கும் உரியது என்ற எண்ணத்தை அவர் இங்கிலாந்து நூலகங்களில் கண்ணால் பார்த்துத் திரும்பினார்.

அந்தக் குரோய்டன் நூலகங்களை 2013-ல் நகரமன்றம் செலவைக் குறைக்க வேண்டி ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் கைமாறி கரிலியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 2018 ஜனவரியில் கரிலியன் திவாலானது. நகரமன்றம் நூலகங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, 2020 நவம்பரில், நகரமன்றமே "எங்களால் கணக்கைச் சரிக்கட்ட முடியவில்லை" என்று சட்டப்படி அறிவித்தது. 2022-ல் மறுபடியும் அதே அறிவிப்பு. காரணம் என்ன என்று பார்த்தால், சொந்தமாக வீடு கட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அதற்குப் பெருங்கடன் கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் கொட்டி ஒரு ஹோட்டலை வாங்கினார்கள். இதற்கெல்லாம் முன்னாலேயே, 2010-லிருந்து மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் பணத்தை வருடா வருடம் குறைத்து வந்தது. நூலகத்துக்கும் இந்தக் கடனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் விலை கொடுத்தது நூலகம். முதலில் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். பிறகு 2024-ல், இருந்த 13 நூலகங்களில் 4-ஐ மூட முடிவெடுத்தார்கள்.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி "முழுமையான, திறமையான" நூலகச் சேவை தந்தாக வேண்டும். ஆனால் எத்தனை நூலகம், எத்தனை மணி நேரம், எத்தனை நூலகர் என்று அதில் எதுவுமே இல்லை. முதியோர் பராமரிப்பும் ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பும் அப்படியல்ல. ஒரு பெரியவர் உதவி தேவை என்று வந்துவிட்டால் மன்றம் செலவு செய்தே ஆக வேண்டும். இரண்டு செலவும் ஒரே பானையிலிருந்துதான் போகிறது. சட்டம் கண்டிப்பாகக் கேட்கிற பக்கம் பானை சாய்ந்துவிடும், மிச்சம் நூலகத்துக்கு. நார்தாம்ப்டன்ஷயர் 2018-ல் 21 நூலகங்களைக் கைவிட முடிவெடுத்தபோது உயர் நீதிமன்றம் அந்த முடிவு சட்டப்படி செல்லாது என்றது. அது ஆறுதல்தான். ஆனாலும் 2010-லிருந்து பத்தாண்டுகளுக்குள் பிரிட்டனில் ஏறக்குறைய 800 நூலகங்கள் மூடப்பட்டுவிட்டன.

மூடுவது ஒரே நாளில் நடப்பதில்லை. எனக்கு இதில்தான் அதிக வருத்தம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் வருடம் புது நூல் வாங்குவதை நிறுத்துவார்கள். வாசகர் உடனே கண்டுபிடிக்க மாட்டார். இரண்டாம் வருடம் ஓய்வு பெற்ற நூலகரின் இடத்தை நிரப்ப மாட்டார்கள். ஒருவரே இரண்டு நூலகம் பார்ப்பார். அதனால் ஒன்று காலையில் மட்டும், இன்னொன்று மாலையில் மட்டும் திறக்கும். வேலைக்குப் போகிறவர் வந்து பார்ப்பார், பூட்டியிருக்கும். இன்னொரு முறை வந்து பார்ப்பார். அப்புறம் வரமாட்டார். மூன்று, நான்கு வருடம் கழித்து ஓர் அறிக்கை வரும்: "வருகை பாதியாகக் குறைந்துவிட்டது, புத்தகம் எடுப்பவர் இல்லை." அந்த எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் வருகையைக் குறைத்தது முன்பு எடுத்த முடிவுகள்தான் என்பதை அந்த அறிக்கை சொல்லாது.

பெரிய கட்டடம் கட்டினால் நூலகம் காப்பாற்றப்படும் என்பதும் உண்மையில்லை. பர்மிங்காம் நகரம் 18.8 கோடி பவுண்டு செலவில் ஐரோப்பாவின் மிகப்பெரிய பொது நூலகங்களில் ஒன்றைக் கட்டி, 2013 செப்டம்பரில் மலாலா யூசஃப்சாயை அழைத்துத் திறந்தது. இரண்டே வருடத்தில், 2015-ல், வாரத்துக்கு 73 மணி நேரம் திறந்திருந்த நூலகத்தை 40 மணி நேரமாகச் சுருக்கினார்கள். 100 பணியிடங்கள் வரை குறைக்கவும் திட்டமிட்டார்கள். கட்டுவதற்கான பணம் வேறு கணக்கு, மாதாமாதம் சம்பளம் தருகிற பணம் வேறு கணக்கு.

பணம் எந்தக் காரணத்துக்காக வருகிறது என்பதும் முக்கியம். 1935-ல் அமெரிக்காவின் கெண்டக்கி மலைப்பகுதியில் குதிரை நூலகம் தொடங்கினார்கள். சாலையே இல்லாத ஓடைகளின் வழியே பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாதச் சம்பளம் 28 டாலர். அரசு தந்தது அந்தச் சம்பளம் மட்டும். புத்தகங்கள் எல்லாம் நன்கொடை. போதாதபோது அந்தப் பெண்கள் பழைய பத்திரிகைகளிலிருந்து கதைகள், சமையல் குறிப்புகள், தையல் மாதிரிகள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டித் தாங்களே நூல்கள் செய்தார்கள். நான் மேலே சொன்ன பாடநூல் ஒட்டும் வேலை மாதிரிதான். 1943-ல் போர்க்கால வேலைகள் பெருகி, வேலையில்லாதோர் நிவாரணத் திட்டம் கலைக்கப்பட்டதும் குதிரை நூலகமும் நின்றது. மலையில் படிக்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பணம் அவர்களுக்காகத் தொடங்கியது இல்லையே, வேலையில்லாதவர்களுக்காகத் தொடங்கியது.

கெண்டக்கிக்கு நான்கு வருடம் முன்பே, 1931 அக்டோபரில், அதே உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில், மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. ஏற்பாடு செய்தவர் கனகசபைப் பிள்ளை. ரங்கநாதனின் நூலக அறிவியல் விதிகள் ஐந்தும் நூலாக வந்தது அதே வருடம். தனி ஒருவரின் கொடையுள்ளத்தில் ஓடுகிற வண்டி அவர் காலத்தோடு முடிந்துவிடக்கூடும் என்பது ரங்கநாதனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் சட்டம் வேண்டும், சட்டத்திலேயே பணத்துக்கு வழி வேண்டும் என்று 1930-லிருந்து மாதிரி மசோதா எழுதிக்கொண்டு அலைந்தார். அது நிறைவேற 1948 ஆனது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. தொடக்கத்தில் சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை. ஒரு ரூபாய்க்கு 192 பை இருந்த காலம் அது. இப்போது சொத்து வரியில் 10 சதவீதம். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று இருக்கும். 1,000 ரூபாய் வரி கட்டினால் 100 ரூபாய் நூலகத்துக்கு. வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாத பணம். ஊரில் வியாபாரம் படுத்தால் விற்பனை வரி விழும், சொத்து வரி அவ்வளவு எளிதில் விழாது. 2022-ல் தமிழ்நாட்டில் பல வருடங்கள் கழித்து சொத்து வரியை உயர்த்தியபோது, நூலகத்துக்கான பங்கும் கூடவே உயர்ந்தது. குரோய்டனுக்கு இந்தக் கவசம் இல்லை. இங்கிலாந்திலும் 1855-லிருந்து பவுண்டுக்கு ஒரு பென்னி என்று நூலகத்துக்குத் தனி வரி வரம்பு இருந்தது, 1919-ல் அதை எடுத்துவிட்டார்கள். வரம்பு போனது அன்றைக்கு நல்லதுதான், நிறையச் செலவு செய்ய முடிந்தது. ஆனால் பணம் பொதுப் பானைக்குள் போய்விட்டது.

நம் கவசத்திலும் ஓட்டைகள் உண்டு. வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகள். அவர்கள் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். தங்கள் கையில் பணம் தட்டும்போது உள்ளாட்சிகள் நூலக வரியை நிலுவை வைத்துவிடுகின்றன. பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி இது. மக்கள் கட்டிவிட்டார்கள், ஆனால் நூலகத்துக்கு வந்து சேரவில்லை. தமிழ் வாசகர்கள் கோபப்பட வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஆள் விஷயம். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நம் அமைப்பில் படிகள் உண்டு. மேல் படியில் இருக்கும் நூலகருக்கு முறையான காலமுறை ஊதியம், ஓய்வுக்காலப் பலன்கள். ஊர்ப்புற நூலகருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அது முறையான ஊதியத்தைவிடக் குறைவு. தங்களை முழு ஊதியத்துக்குக் கொண்டுவரச் சொல்லி அவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பகுதி நேர நூலகரின் நிலைமை அதற்கும் கீழே. வேலையில் என்ன வித்தியாசம்? ஊர்ப்புற நூலகர் கூட்டுகிறார், பதிவேடு எழுதுகிறார், இரவல் கொடுக்கிறார், வராத புத்தகத்தை வீடு தேடிப் போய் வாங்குகிறார், ஊரில் நான்கு பேரிடம் பேசி, ஆயிரம் ரூபாய் நன்கொடை தரும் புரவலர்களைச் சேர்க்கிறார். கிளை நூலகத்தில் இரண்டு மூன்று பேர் பகிர்ந்து செய்வதை அவர் தனியாகச் செய்கிறார்.

2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். நல்ல எண்ணம். நூலகத் துறைக்கு வெளியே, ஊரக வளர்ச்சித் துறையின் கீழே வந்த திட்டம் அது. பொறுப்பாளருக்கு மிகச் சிறிய மதிப்பூதியம். அதில் ஒரு குடும்பம் வாழ முடியாது, அவர் வேறு வேலைக்குப் போவார். சாவி அவர் இடுப்பில் போகும். எத்தனையோ ஊர்களில் அந்தக் கட்டடம் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதே காலத்தில் 2010-ல் சென்னை கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-ல் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தார்கள். மக்கள் நீதிமன்றம் போனார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது, நூலகம் பிழைத்தது. அதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. 2023-ல் மதுரையில் வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் தென்மாவட்டப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். ஆனால் ஓர் ஊர்ப்புற நூலகம் அரை நாளாகச் சுருங்கினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். செய்தியும் வராது.

மக்கள் நூலகத்துக்காகப் பணம் தர மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் சலினாஸ் என்று ஓர் ஊர், எழுத்தாளர் ஸ்டைன்பெக் பிறந்த இடம். 2004-ல் பணமில்லை என்று ஊரின் மூன்று நூலகங்களையும் மூட முடிவெடுத்தார்கள். அதே ஊர் மக்கள் 2005 நவம்பரில் தங்கள் விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டிக்கொள்ள வாக்களித்தார்கள். நூலகங்கள் தப்பின.

இனி கல்லூரி நூலகம். உங்கள் மகள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேருவாள், ஏனென்றால் பொது நூலகத் துறைக்கும் மற்ற அரசு நூலகங்களுக்கும் தேர்வாணைய அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், இடங்களும் குறைவு. அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் நூலகருக்கு ஆசிரியருக்கு நிகரான ஊதிய விகிதம் உண்டு. நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். சுயநிதிக் கல்லூரி வேறு உலகம். மாணவர் சேர்க்கை குறைந்து பொறியியல் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அல்லது பாதிச் சம்பளத்தில் ஓடியபோது, முதலில் வெளியே போனவர்களில் நூலகர்கள் இருந்தார்கள். நான் வேலை பார்த்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் மே, ஜூன் மாதங்களில் நூலகத்தைப் பூட்டிவிட்டு எங்களைச் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கப் பள்ளி பள்ளியாக அனுப்பினார்கள். கல்லூரியை ஆய்வு செய்ய வரும் நாளில் மட்டும் அந்த நூலகத்துக்கு வாழ்வு வரும்.

ஆய்விதழ்களின் விலை இன்னொரு நெருக்கடி. 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகமே ஆய்விதழ்களுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 37.5 லட்சம் டாலர் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. இந்தியாவில் 2025-லிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வந்திருக்கிறது: மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. சந்தா பேரம் பேசும் வேலை இனி கல்லூரி நூலகரிடம் குறையும். அந்த இதழ்களைத் தேடவும் பயன்படுத்தவும் மாணவருக்குக் கற்றுத்தரும் வேலை கூடும். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு இடம் இருக்கும்.

அதனால் உங்கள் மகளுக்கு நான் சொல்வது: பட்டத்தோடு நிற்க வேண்டாம். கோஹா என்ற நூலக மென்பொருளை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். நியூசிலாந்தின் ஒரு சிறு ஊர் நூலகத்துக்காக 2000-ல் உருவாகி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்ட மென்பொருள் அது. பணமில்லாத நூலகங்கள் உலகம் முழுக்க அதை நம்பி ஓடுகின்றன. தமிழ் நூல்களை மின்வடிவாக்குவது, அவற்றுக்குத் தமிழிலேயே ஒழுங்கான தகவல் குறிப்பு எழுதுவது இரண்டும் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து எழுத்துகளைத் திரட்டும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் நடக்கும் வேலையைப் பார்த்தால் எவ்வளவு தேவை என்று புரியும்.

வேலைக்குப் போகும்போது நேர்முகத்தில் தயங்காமல் கேட்கட்டும்: இது அனுமதிக்கப்பட்ட பணியிடமா, ஒப்பந்தமா? நூல் வாங்கும் பணம் தனித் தலைப்பில் இருக்கிறதா, யார் கையெழுத்துப் போடுகிறார்? போன மூன்று வருடத்தில் எத்தனை நூல் வாங்கினார்கள்? முன்பிருந்த நூலகர் ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் இன்னொரு இடம் பார்ப்பது நல்லது.

படிப்பில் சேர்வதற்கு முன்பே உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய் நூலகரிடம் கேட்டு, சில நாள் கூட இருந்து வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று பொது நூலகங்களுக்கு வார விடுமுறை.